'டவுட்' என்று எழுதும் முன்: வணிக மெயிலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்பெல்லிங் பிழையைக் கம்ப்யூட்டரே சிவப்புக் கோடு போட்டுக் காட்டிவிடும். அதை விட்டுவிடுவோம். சேலத்தில் வெளிநாட்டு வியாபாரம் பார்க்கும் அலுவலகங்களுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளின் மெயில்களைத் திருத்துவது என் வேலை. எங்கள் தலைமுறை எழுதிய அதே வரிகளை இவர்களும் எழுதுகிறார்கள். அதில் ஒன்று பணத்தில் கைவைக்கக்கூடியது.

'வி டவுட் தட்...'

சேலத்தை அடுத்த இளம்பிள்ளைப் பக்கம் ஒரு தறிக்கூடத்துக்கு ஐரோப்பாவிலிருந்து பழைய ரேப்பியர் தறி வந்தது. பெட்டியைப் பிரித்தால் ஒரு பக்கம் நசுங்கியிருக்கிறது. வழியில்தான் அடிபட்டிருக்கும் என்று ஓனருக்குச் சந்தேகம். அலுவலகப் பையன் அதை அப்படியே எழுதினான்: 'வி டவுட் தட் தி மெஷின் வாஸ் டேமேஜ்டு இன் ட்ரான்சிட்.' விற்றவர் படித்ததோ நேர் எதிராக: வழியில் அடிபட்டிருக்கும் என்று நாங்கள் நம்பவில்லை! "எங்களுக்கும் அப்படித்தான் படுகிறது, உங்கள் இடத்தில் இறக்கும்போது நேர்ந்திருக்கும்" என்று பதில் வந்தது. நாங்கள் சொல்ல வந்தது வேறு என்று விளக்கி முடிப்பதற்குள் புகார் கொடுக்கும் கெடு தாண்டிவிட்டது. ரிப்பேர் செலவு முழுக்க ஓனர் தலையில். அந்த வரியில் இலக்கணப் பிழை ஒன்றுகூடக் கிடையாது, அதனால் எந்த மென்பொருளும் தடுத்திருக்காது. இன்றும் அதே வரி என் மேசைக்கு வரும்போது கோபம் வருகிறது.

காரணம் நம் பேச்சிலேயே இருக்கிறது. கேள்வி கேட்பதும் சந்தேகம், நடந்திருக்கும் என்று நினைப்பதும் சந்தேகம், நம்பாமல் இருப்பதும் சந்தேகம். ஆங்கிலம் மூன்றையும் பிரித்துவிடுகிறது. நடந்திருக்கும் என்று தோன்றினால் 'வி சஸ்பெக்ட்'. நடந்திருக்காது என்று தோன்றினால் மட்டுமே 'வி டவுட்'. 400 வருடங்களுக்கு முன்பு ஆங்கிலத்திலும் 'டவுட்' இந்த 'சஸ்பெக்ட்' பொருளில் வழங்கியது உண்டு. இன்று உங்கள் மெயிலைப் படிக்கும் வெளிநாட்டுக்காரருக்கு அது தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

எதை எழுதுவது என்று குழம்பினால், 'வி பிலீவ்' என்று எழுதுங்கள். அது தலைகீழாகாது.

'ஐ ஹேவ் எ டவுட்'

வகுப்பில் "சார், ஒரு டவுட்" என்று கை தூக்கிய பழக்கம். நமக்குள் சரி. ஆனால் 'வி ஹேவ் எ டவுட் அபவுட் யுவர் பேமென்ட்' என்று வெளிநாட்டுக்காரருக்குப் போனால், பணம் தருவாரா என்று நாம் சந்தேகப்படுவதாக எடுத்துக்கொள்வார். நல்ல வாடிக்கையாளர் முகம் சுளிக்க இது ஒன்று போதும். 'கொஸ்டின்' என்று எழுதுங்கள்.

'நோ டவுட்'

சரக்கு வெள்ளிக்கிழமை கட்டாயம் வந்துவிடும் என்று உறுதி சொல்ல இதைப் போடுகிறார்கள். எழுத்தில் இது பெரும்பாலும் 'அநேகமாக' என்ற அளவுக்குத்தான் நிற்கும். உறுதி கொடுப்பதென்றால் தேதியைப் போட்டு 'வில் ரீச்' என்று முடியுங்கள். அப்புறம் அந்தத் தேதியைக் காப்பாற்றுங்கள்.

'கைண்ட்லி ரிவர்ட்'

பதில் கேட்பதென்றால் 'ரிப்ளை' என்று எழுதுங்கள்.