வைட்டமின் சி சீரம்: குப்பியிலேயே வீணாக்காதீர்கள்

வைட்டமின் சி தன்னைக் கெடுத்துக்கொண்டுதான் தோலைக் காக்கிறது. புற ஊதாக் கதிர் பட்டதும் செல்லுக்குள் ஃப்ரீ ரேடிக்கல்கள் உருவாகும். ஜோடி சேராத எலக்ட்ரானோடு தவிக்கும் இவை, செல் சவ்வின் கொழுப்பு, புரதம், டிஎன்ஏ என்று கண்டதிலிருந்தும் ஓர் எலக்ட்ரானைப் பிடுங்கும். வைட்டமின் சி முந்திக்கொண்டு தன்னுடையதைக் கொடுத்துவிடும். செல் பிழைக்கும்.

இவ்வளவு தாராளமாகக் கொடுக்கும் பொருள், குப்பிக்குள் நுழையும் காற்றுக்கும் கொடுத்துவிடும். முக்கால்வாசித் தவறுகள் இதை மறப்பதால்தான். வெயில் விழும் ஜன்னலோரத்திலும் வெந்நீர் ஆவி சூழும் குளியலறையிலும் வைத்தால், முகத்தில் பூசும் இந்தத் திரவமான சீரம் வேகமாகக் கெடும். மூடியை இறுக்கி, இருட்டான குளிர்ந்த இடத்தில் வையுங்கள். வாங்கிய அன்றே அதன் நிறத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். அது ஆரஞ்சாகி, பழுப்பை நோக்கிப் போனால், எவ்வளவு விலை கொடுத்திருந்தாலும் தூக்கிப் போட வேண்டியதுதான். கெட்டுப்போன சீரத்தைப் பூசியபின் தெரியும் லேசான பழுப்பைச் சிலர் 'பொலிவு' என்று நம்பிவிடுகிறார்கள்! வைட்டமின் சி சிதையும்போது எரித்ருலோஸ் என்ற சர்க்கரை உருவாகும். தோலைப் பழுப்பாக்க விற்கும் கிரீம்களில் சேர்ப்பதும் இதையேதான்.

அடுத்தது, சதவீதப் பேராசை. வைட்டமின் சி-யின் அசல் வடிவமான எல்-அஸ்கார்பிக் அமிலம் தோலுக்குள் இறங்க, சீரத்தின் பி.எச் (அமிலத்தன்மையைக் காட்டும் எண்; குறையக் குறையப் புளிப்பு கூடும்) 3.5-க்குக் கீழே இருக்க வேண்டும். அதாவது, நல்ல புளிப்பு. செறிவு கூடக்கூட உறிஞ்சப்படும் அளவும் கூடும், ஆனால் 20 சதவீதத்தோடு சரி. அதற்கு மேல் எரிச்சல்தான் மிச்சம். பூசியதும் ஓரிரு நிமிடம் சுருக்கென்றால் பரவாயில்லை. சிவப்பு அடங்கவே இல்லையென்றால் நிறுத்திவிட்டு, 10 சதவீதத்துக்கு இறங்குங்கள். அதுவும் ஒத்துக்கொள்ளாதவர்கள் சோடியம் அஸ்கார்பைல் பாஸ்பேட் போன்ற மென்மையான வடிவத்தைப் பார்க்கலாம். தோல் அதை வைட்டமின் சி-யாக மாற்றிக்கொள்ள வேண்டியிருப்பதால் வேகம் குறைவு. அப்புறம், ஒரு நாளைக்கு மூன்று வேளை பூசுவதிலும் பயனில்லை. தோலில் வைட்டமின் சி முழுமையாக நிரம்பியபின் அது பாதியாகக் குறையவே ஏறக்குறைய 4 நாள் ஆகும்.

ஒரு வாரத்தில் கண்ணாடியைப் பார்த்து ஏமாறுவதும் வழக்கம்தான். தோலுக்கு உறுதி தரும் புரதமான கொலாஜனின் இழைகளை முறுக்கி உறுதியாக்கும் என்சைம்களுக்கு வைட்டமின் சி தேவை. ஆனால் புது இழை சேர்ந்து கண்ணுக்குத் தெரிய மாதங்கள் பிடிக்கும்.

இதைப் பூசிவிட்டு சன்ஸ்க்ரீனை விடுவதுதான் எனக்குப் பெரிய தவறாகப் படுகிறது. வைட்டமின் சி வெயிலைத் தடுக்காது. உள்ளே வந்துவிட்ட கதிர் செய்யும் சேதத்தை மட்டுமே குறைக்கும். காலையில் சீரம், அது காய்ந்ததும் மேலே சன்ஸ்க்ரீன் என்பதே சரியான வரிசை. வைட்டமின் இ-யும், தாவரங்களில் உள்ள ஃபெருலிக் அமிலமும் கலந்த சீரம் கிடைத்தால் இன்னும் நல்லது. எலக்ட்ரானை இழந்து ஓய்ந்த வைட்டமின் இ-யை வைட்டமின் சி மீட்டுக்கொடுக்கும்.

எலுமிச்சைச் சாறு இதற்கு மாற்றே அல்ல. 100 மில்லி சாற்றில் 50 மில்லிகிராம் வைட்டமின் சி கூடத் தேறாது. 10 சதவீத சீரத்தில் அதே அளவுக்கு 10 கிராம். சாற்றில் மிகுதியாக இருப்பது சிட்ரிக் அமிலம். அதோடு, வெயில் பட்டால் தோலைப் புண்ணாக்கும் ஃபூரோகூமரின்களும் உண்டு. சாறு தடவிய முகத்தோடு வெளியே போனால் தீப்பட்டது போலக் கொப்புளம் வரலாம். அது ஆறியபின் விழும் கறுப்பு, மாதக்கணக்கில் போகாது.