கோவை – சிங்கப்பூர்: தூரமும் பயண நேரமும்

சிங்கப்பூருக்குப் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் நம் கொங்குப் பகுதியினர் ஊருக்குப் போய்வரத் திட்டமிடும்போதும், பெற்றோரை இங்கே அழைக்கும்போதும் குழம்பிப்போவது பெரும்பாலும் பயணச்சீட்டிலுள்ள நேரங்களைப் பார்த்துத்தான். பீளமேட்டிலுள்ள கோவை விமான நிலையத்துக்கும் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்துக்கும் இடையே நேர்கோட்டுத் தூரம் ஏறத்தாழ 3,160 கிலோமீட்டர். நேரடி விமானத்தில் நான்கேகால் முதல் நான்கரை மணி நேரம் ஆகும்.

சீட்டில் புறப்படும் நேரமும் சேரும் நேரமும் அந்தந்த ஊர்க் கணக்கில்தான் இருக்கும். சிங்கப்பூரின் கடிகாரம் நம்மூரைவிட இரண்டரை மணி நேரம் முந்தியது. ஆகவே இரவு 11 மணிக்குக் கோவையில் புறப்படும் விமானம் காலை 5.45 மணிக்கு இறங்குவதாகச் சீட்டில் இருந்தால், பறக்கும் நேரம் ஆறேமுக்கால் மணி அன்று, நான்கேகால் மணிதான். திரும்பும்போது கணக்கு தலைகீழாகும்: மாலை 7 மணிக்குச் சாங்கியில் புறப்பட்டால் இரவு 9 மணிக்கெல்லாம் கோவையில் இருப்பீர்கள். "ரெண்டே மணி நேரத்துல வந்துட்டியா கண்ணு?" என்று முதல் முறை என் அம்மா வியந்தார், நான்கரை மணி நேரம் மடங்கி உட்கார்ந்திருந்த முழங்காலுக்குத்தான் உண்மை தெரியும்.

வீட்டிலிருந்து விமான நிலையம் வரையிலான நேரத்தையும் கூட்டிக்கொள்ள வேண்டும். ஈரோட்டிலிருந்தோ திருப்பூரிலிருந்தோ வருபவர்களுக்கு விமான நிலையம் அவிநாசி சாலையில் நகரத்துக்கு முன்பே வந்துவிடுவது ஒரு வசதி. கரூர்க்காரர்களுக்குத் திருச்சியே கிட்டம். அங்கிருந்து வான்தூரமும் சற்றுக் குறைவு, சுமார் 2,980 கிலோமீட்டர்.

நள்ளிரவு தாண்டிப் புறப்படும் விமானமென்றால் தேதியை இரண்டு முறை பாருங்கள். சீட்டில் 15ஆம் தேதி 0.30 மணி என்றிருந்தால், 14ஆம் தேதி இரவு ஒன்பதரைக்கே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். காங்கேயத்து நண்பர் ஒருவர் 15ஆம் தேதி இரவு நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு, முறுக்குத் தூக்கும் பையுமாக வந்து நின்றார். விமானம் முந்தின இரவே போய்விட்டிருந்தது.

சிங்கப்பூர் வருகை அட்டையை (SG Arrival Card), இறங்கும் நாளையும் சேர்த்து அதற்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் இணையத்தில் நிரப்பிவிடலாம், கட்டணம் இல்லை. காலை ஆறரை மணிக்குச் சாங்கியிலிருந்து வெளியே வரும்போதும் இருட்டாக இருந்தால் திகைக்க வேண்டாம். 1982 ஜனவரி 1 அன்று இங்கே கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளி வைத்தார்கள். தீர்க்கரேகைப்படி இருக்கவேண்டியதைவிட ஒரு மணி நேரத்துக்கும் மேலாக அது முந்தி ஓடுவதால், ஆண்டு முழுவதும் ஏழு மணியை ஒட்டித்தான் சூரியன் உதிக்கும்.

வந்து சேர்ந்த செய்தியை வீட்டுக்குச் சொல்ல ஏழு மணிக்கு அழைத்தால் கோபியில் அப்போது நாலரை. கறவை மாடு இருக்கும் வீடென்றால் உடனே எடுப்பார்கள். இல்லாவிட்டால் இங்கே எட்டரை ஆகும்வரை பொறுத்திருங்கள்.