பேஸும் ட்ரெபிளும் கூட்டுமுன்: செட் போடுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலையில் கோவில் திருவிழாவுக்குச் செட் போடுகிறவர், ஓட்டோவில் பொக்ஸ் பூட்டுகிறவர், வீட்டு ஹோலில் பாட்டுக் கேட்கிறவர், எல்லோருக்கும் ஆசை ஒன்றுதான். கனத்த கீழ்ச்சத்தமான பேஸ் இன்னும் கீழே இறங்க வேண்டும், கூரிய மேல்சத்தமான ட்ரெபிள் இன்னும் மேலே போக வேண்டும். நியாயமான ஆசை. தொப்பியில் கழி விழும் கனமும், வலந்தலையில் விரல் கூடுகள் படும் கூர்மையும் சேர்ந்து கேட்டால்தான் அது தவில். ஒன்று குறைந்தாலும் மேளம் சப்பென்று போய்விடும். ஆனால் கை முதலில், இவற்றைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசருக்குப் போகிறது. சத்தம் எந்த இடத்தில் அறுந்தது என்று பார்த்துவிட்டுத்தான் அதைத் தொட வேண்டும்.

முதலில் பாட்டையே பாருங்கள். மனிதக் காது ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹேர்ட்ஸ் (விநாடிக்கு இத்தனை அதிர்வு) வரை கேட்கும். எஃப்எம் வானொலி 15,000 ஹேர்ட்ஸோடு நிறுத்திக்கொள்கிறது. 128 கிலோபிட் எம்பி3 பாட்டில் பெரும்பாலும் 16,000க்கு மேல் வெட்டப்பட்டிருக்கும். போன் அழைப்பு வழியாக வந்த பழைய பாணிக் குரல் என்றால் 300 முதல் 3,400 வரை மட்டுமே. அதற்கு மேல் ஒன்றுமே இல்லாத பதிவில் ட்ரெபிளைத் திருகினால் இரைச்சல்தான் கூடும். 'எக்சைட்டர்' என்ற கருவிகள் 1970களிலிருந்தே இருக்கின்றன. இருக்கிற சத்தத்திலிருந்து புதிய மேல்சுரங்களை உண்டாக்கிச் சேர்ப்பது அவற்றின் வேலை. பழைய பாட்டுக்கு அளவோடு போட்டால் நன்றாகவே இருக்கும். ஆனால் தொலைந்தது திரும்பி வந்துவிட்டது என்று நம்ப வேண்டாம், அது புதிதாகப் பூசிய நிறம். அதே பாட்டின் சீடியைக் கொண்டுவந்து அதே பொக்ஸில் போட்டுப் பாருங்கள். குறை பதிவிலா பொக்ஸிலா என்று உடனே தெரிந்துவிடும்.

அடுத்தது, கோவில் வீதியில் கட்டும் ஹோர்ன். பேச்சைத் தூரத்துக்குக் கொண்டுபோகச் செய்தது அது. சாதாரண ஹோர்ன் சில நூறு ஹேர்ட்ஸில் தொடங்கி ஆறேழாயிரத்தோடு நின்றுவிடும். அதற்குள் பேஸைத் தள்ளினால் பேஸ் வராது. குழாயின் எல்லைக்குக் கீழே காற்றின் எதிர்ப்பு போய்விடுவதால் உள்ளே இருக்கும் மெல்லிய தகடு கண்டபடி ஆடும், பிறகு கிழியும். ஹோர்னுக்குப் போகும் லைனில் கீழ்ச்சத்தத்தை வெட்டிவிட்டு, பேஸுக்குத் தனிப் பொக்ஸ் வையுங்கள்.

மிகப் பெரிய நட்டம் பேஸ் குமிழில்தான் வருகிறது. சத்தத்தை அளக்கும் டெசிபெல் கணக்கில் 3 டெசிபெல் கூட்டினால் அம்பிளிபயர் இரண்டு மடங்கு வலு கொடுக்க வேண்டும். 12 டெசிபெல் என்றால் பதினாறு மடங்கு. அதாவது 20 வாட்ஸில் ஓடிய இடத்தில் 320 வாட்ஸ். ஸ்பீக்கரில் ஆடும் கூம்பான கோனின் நிலைமை இன்னும் மோசம். 80 ஹேர்ட்ஸில் வந்த அதே சத்தம் 40 ஹேர்ட்ஸிலும் வேண்டுமென்றால் கோன் நாலு மடங்கு தூரம் முன்னும் பின்னும் போய்வர வேண்டும். துளை வைத்த பொக்ஸ் என்றால் துளையின் சுருதிக்குக் கீழே கோனைப் பிடித்து வைக்க ஒன்றுமே இல்லை. சத்தம் படுவேகமாகக் குறையும், ஆட்டம் மட்டும் கூடும். துளை 45 ஹேர்ட்ஸுக்கு அமைந்திருந்தால் 40க்குக் கீழே உள்ளதை ஃபில்டர் போட்டு வெட்டுவதுதான் முறை. வெட்டினால் பேஸ் குறையுமே என்று பயப்படுகிறார்கள். வெட்டிய பிறகுதான் மிச்சமிருக்கும் பேஸ் இறுக்கமாக, தெளிவாக வரும்.

"பேஸைத்தானே கூட்டினேன், ட்வீட்டர் ஏன் எரிந்தது?" என்று அடிக்கடி கேட்கிறார்கள். ட்வீட்டர் என்பது மேல்சத்தத்துக்கான சின்ன ஸ்பீக்கர். அம்பிளிபயரின் வலு முடிந்ததும் அலையின் தலையும் காலும் வெட்டுப்படும். வெட்டுப்பட்ட அலையில் மேல்சுரங்கள் நிறைய முளைக்கும். அவை நேரே ட்வீட்டருக்குப் போகும். அதன் கம்பிச் சுருள் தலைமுடி போன்றது, சூடு தாங்காது. அலை வெட்டுப்படுவதைக் காட்டும் கிளிப் லைட் விடாமல் மின்னினால் வொலியூமைக் குறையுங்கள். இதில் சமரசமே கிடையாது.

பொக்ஸ் விஷயத்தில் பலர் நண்பனின் அளவை அப்படியே எடுத்து வேறு ஸ்பீக்கருக்குச் செய்கிறார்கள். எந்த ஸ்பீக்கருக்கு எத்தனை லீற்றர் பெட்டி, எவ்வளவு நீளத் துளை என்பதைக் கணக்குப் போடும் வழியைப் பொறியியலாளர் நெவில் தீல் 1961இல் எழுதினார். ரிச்சர்ட் ஸ்மோல் 1970களில் அதை விரித்தார். நல்ல ஸ்பீக்கரோடு வரும் தாளில் இருக்கும் அளவுகள் அவர்கள் பெயரில்தான் வழங்குகின்றன. அதைப் பாருங்கள். சின்னப் பெட்டி, ஆழமான பேஸ், குறைந்த வலுவில் கூடிய சத்தம், மூன்றும் ஒன்றாகக் கிடைக்காது. ஏதாவது இரண்டைத்தான் எடுக்கலாம். நம்மூரில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். உப்புவெளி, நிலாவெளிக் கரையோரத்து ஈரக்காற்றில் சிப்போட் பலகை ஊதி மூட்டு விலகும். பேஸ் போட்டுவிட்டு மூட்டுகளின் மேல் உள்ளங்கையை மெல்ல நகர்த்திப் பாருங்கள். காற்று சில்லென்று பட்டால் அங்கேதான் பேஸ் ஒழுகிப்போகிறது. வயர் பூட்டும் இடத்தில் பச்சை பூத்திருந்தால் அதையும் சுரண்டித் துடைத்துவிடுங்கள்.

பேஸுக்கான தனிப் பொக்ஸான சப்வூஃபரின் (சப்) வயர் மாறிப் பூட்டப்பட்டிருப்பது சர்வசாதாரணம். கூட்டலும் கழித்தலும் மாறினால், சப்பும் மேல் பொக்ஸும் சந்திக்கும் 80, 100 ஹேர்ட்ஸ் பக்கம் ஒன்றை ஒன்று விழுங்கிவிடும். மாற்றிப் பூட்டிப் பாருங்கள், எது நிறைவாகக் கேட்கிறதோ அதுவே சரி.

வீட்டில் பேஸ் வரவில்லையா? குமிழைத் தொடுமுன் கதிரையை நகர்த்துங்கள். 4 மீற்றர் நீள அறையில் 43 ஹேர்ட்ஸ் அளவிலான சத்தம் சுவர் ஓரத்தில் குவியும், நடுவில் இல்லாமல் போகும். சரியாக நடுவில் இருந்துகொண்டு எவ்வளவு கூட்டினாலும் அந்தச் சத்தம் வராது. திறந்த வெளியில் நிலைமை வேறு. கோணேசர் கோவில் இருக்கும் சுவாமி மலை போலக் கடலுக்குத் திறந்த இடத்தில் பேஸைத் திருப்பி அனுப்பச் சுவர் இல்லை. அங்கே சப்களை வீதியின் இரு ஓரங்களில் பிரித்து வைத்தால் இடையில் ஓர் இடத்தில் பேஸ் கேட்கும், பக்கத்து இடத்தில் கேட்காது. இரண்டையும் தரையில் ஒட்டி ஒரே இடத்தில் வையுங்கள். ஒன்றை விட 6 டெசிபெல் கூடுதலாக வரும், எந்தக் குமிழையும் திருகாமல்.

ட்ரெபிள் கதை குறுகியது. 10,000 ஹேர்ட்ஸ் அலையின் நீளம் மூன்றரை சென்ரிமீற்றர்தான். முன்னால் நிற்பவரின் தலையே அதை மறைத்துவிடும். ட்வீட்டர் ஆட்களின் தலைக்கு மேல் இருந்து கொஞ்சம் கீழ்நோக்கிப் பார்க்கட்டும். நமது வெக்கைக் காற்றில் 8,000 ஹேர்ட்ஸ் நூறு மீற்றருக்கு 6 டெசிபெல் அளவில் காற்றிலேயே கரையும். தூரத்தில் தெளிவு வேண்டுமென்றால் முன்வரிசையின் காதைக் கிழிக்காமல் நடுவழியில் இன்னொரு சோடி பொக்ஸ் கட்டுங்கள்.

சின்னப் பொக்ஸ் 60 ஹேர்ட்ஸைத் தரவே தராது என்றால் விட்டுவிடுங்கள். அதன் மடங்குகளான 120, 180 சுத்தமாக வந்தால் அடிச்சுரத்தைக் காதே ஊகித்துக்கொள்ளும். கைபேசியில் பாட்டுக் கேட்கும்போது பேஸ் கிற்றாரின் மெட்டுப் புரிவது இதனால்தான்.

கடைசியாகச் சரிபார்க்கும்போது, வயது கூடக் கூட மேல்சத்தம் காதுக்குக் குறையும் என்பதை மறக்க வேண்டாம். ஐம்பது தாண்டியவர் தன் காதுக்குச் சரியாக வைத்த ட்ரெபிள், பக்கத்தில் நிற்கும் பிள்ளைக்குக் குத்தும். ஒரு பதினெட்டு வயதுப் பெடியனையும் கூட்டிக்கொண்டு கடைசி வரிசைக்குப் போங்கள். அங்கே தேவாரத்தின் சொற்கள் அவனுக்கும் உங்களுக்கும் விளங்குகின்றனவா என்று கேளுங்கள். விளங்காவிட்டால் கூட்டிய பேஸில் பாதியைக் குறைத்துவிட்டு மறுபடி கேளுங்கள்.