ஒலிவினிலிருந்து களிமண் வரை: பேனாவும் தாளும் போதும்

அல்ட்ராமாஃபிக் பாறைகளில் (மெக்னீசியமும் இரும்பும் மிகுந்து, சிலிக்கா குறைந்த பாறைகள்) மெக்னீசியம் நிறைந்த களிமண் எப்படி உருவாகிறது என்று படிக்கப் போனால் சபோனைட், ஸ்டீவன்சைட், கெரோலைட், செபியோலைட் என்று பெயர்களே முதலில் மிரட்டும். அவற்றை ஓரமாக வையுங்கள். கவனிக்க வேண்டிய தனிமங்கள் இரண்டுதான்: மெக்னீசியம், சிலிக்கான்.

படி 1: விகிதத்தை எழுதுங்கள்

டூனைட், பெரிடோடைட் போன்ற பாறைகளில் முக்கியக் கனிமம் ஒலிவின். அதன் வேதி வாய்பாட்டில் ஒரு சிலிக்கானுக்கு இரண்டு மெக்னீசியம். தாளில் மெக்னீசியம் : சிலிக்கான் என்ற விகிதத்தை மேலிருந்து கீழாக எழுதிக்கொள்ளுங்கள்:

ஒலிவின் – 2 : 1
செர்பென்டைன் – 3 : 2
டால்க் – 3 : 4
செபியோலைட் – 2 : 3

கீழே இறங்க இறங்க மெக்னீசியத்தின் பங்கு குறைகிறது. அதாவது, களிமண் பிறக்க வேண்டுமானால் மெக்னீசியம் வெளியேற வேண்டும், இல்லை சிலிக்கா (சிலிக்கானும் ஆக்சிஜனும் சேர்ந்தது) உள்ளே வர வேண்டும். பெயரில் 'மெக்னீசியக் களிமண்' என்று இருந்தாலும் இந்தப் பாறையில் தட்டுப்பாடு சிலிக்காவுக்குத்தான். இது பிடிபட்டால் பாதி வேலை முடிந்தது.

படி 2: தண்ணீரைச் சேருங்கள்

இரண்டு ஒலிவினும் மூன்று தண்ணீர் மூலக்கூறும் சேர்ந்தால் ஒரு செர்பென்டைன், ஒரு புரூசைட் (மெக்னீசியம் ஹைட்ராக்சைடு). விகிதத்துக்கு மேல் மிஞ்சிய மெக்னீசியம்தான் புரூசைட்டாக ஒதுங்குகிறது. ஒலிவினில் இருந்த இரும்பில் ஒரு பகுதி காந்தம் இழுக்கும் மேக்னடைட் ஆகும், கூடவே ஹைட்ரஜனும் வெளியாகும். அதனால் கையில் கிடைத்த பச்சைக் கல் வழுவழுப்பாக இருந்தால், நூலில் ஒரு காந்தத்தைக் கட்டி அருகே கொண்டுபோய்ப் பாருங்கள். இழுத்தால் செர்பென்டைன் பாறையாக இருக்க நல்ல வாய்ப்பு.

படி 3: சிலிக்காவைக் கொண்டுவாருங்கள்

இங்கேதான் நிதானம் வேண்டும். செர்பென்டைனும் அடுக்குக் கனிமம்தான், ஆனால் ஒவ்வொரு அடுக்கிலும் ஒரே ஒரு சிலிக்காத் தகடு. அதோடு இரண்டு சிலிக்கா சேர்ந்து ஒரு தண்ணீர் மூலக்கூறு வெளியேறினால் டால்க்: நடுவில் மெக்னீசியத் தகடு, இருபுறமும் சிலிக்காத் தகடு. கல்சட்டி செய்யும் மாக்கல்லில் பெரும்பங்கு இதுதான்.

அந்தச் சிலிக்கா எங்கிருந்து வரும்? பாறையிலேயே உள்ள பைராக்சீன் என்ற இன்னொரு கனிமம் கரைவதால் வரலாம், பக்கத்துக் கிரானைட் பகுதிகளிலிருந்து நீரோடு வரலாம். வராவிட்டாலும் பரவாயில்லை, மழைநீர் மெக்னீசியத்தை அரித்துக்கொண்டு போனால் விகிதம் தானாக இறங்கும்.

சரி, டால்க் ஊறிப் பெருக்காது. சபோனைட் மட்டும் ஏன் பெருக்கிறது? காரணம் அலுமினியம். பைராக்சீனிலிருந்து வரும் கொஞ்சம் அலுமினியம் சிலிக்கானின் இடத்தில் உட்காருகிறது. சிலிக்கானின் மின்னேற்றம் நான்கு, அலுமினியத்துக்கு மூன்று. அந்தக் குறையை ஈடுகட்ட சோடியம், கால்சியம், மெக்னீசிய அயனிகள் அடுக்குகளுக்கு நடுவே வந்து தங்குகின்றன. அவற்றோடு தண்ணீரும் நுழைகிறது. இவ்வளவு நடக்க எரிமலைச் சூடு தேவையில்லை. தரைமட்ட வெப்பநிலையிலேயே சபோனைட் உருவாகும்.

படி 4: வடிகாலைப் பாருங்கள்

ஒரே வகைப் பாறை, மூன்று இடங்கள், மூன்று முடிவுகள்.

மேற்கு ஆஸ்திரேலியாவின் மரின் மரின் பகுதியில் நிலம் தட்டை, நீர் மெதுவாகவே வடியும். கரைந்த மெக்னீசியமும் சிலிக்காவும் அங்கேயே தேங்குவதால், செர்பென்டைன் பாறைக்கு மேலே சபோனைட், அதற்கும் மேலே இரும்பு மிகுந்த நான்ட்ரோனைட். அந்தக் களிமண்ணிலிருந்துதான் நிக்கல் எடுக்கிறார்கள்.

நியூ கலிடோனியாவில் மழை அதிகம், மலைச்சரிவு, வடிகால் பிரமாதம். மேல்பகுதியில் மெக்னீசியமும் சிலிக்காவும் கழுவப்பட்டு இரும்புச் செம்மண்தான் மிச்சம். கழுவிப் போனவை கீழே விரிசல்களில் நிக்கலோடு படிந்தன. பச்சை நிறத்தில் டால்க் போன்ற களிமண்ணும் செர்பென்டைனும் கலந்த அந்தக் கலவைக்கு, 1864-இல் அங்கே நிக்கல் தாதுவைக் கண்ட ழூல் கார்னியேயின் பெயரால் கார்னியரைட் என்று பெயர்.

மூன்றாவது நம் சேலம் சாக் ஹில்ஸ். டூனைட்டுக்குள் புகுந்த நீரில் கார்பன் டை ஆக்சைடு இருந்ததால், மெக்னீசியம் களிமண்ணுக்குப் போகாமல் மேக்னசைட் (மெக்னீசியம் கார்பனேட்) ஆகிவிட்டது. ஊர்க்காரர்கள் வெள்ளைக்கல் என்பது அதைத்தான். நீர்த்த குளிர்ந்த அமிலத்தை விட்டால் சுண்ணாம்புக்கல் போல உடனே பொங்காது.

படி 5: உறுதி செய்யுங்கள்

கண்ணையும் விரலையும் மட்டும் நம்பாதீர்கள், கனிம அடுக்குகளின் இடைவெளியை அளக்கும் எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவுச் சோதனை வேண்டும். செர்பென்டைனுக்கு அடுக்கு இடைவெளி சுமார் 7.3 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு), டால்க்குக்கு 9.3, செபியோலைட்டின் முதன்மை உச்சம் 12. சபோனைட் காற்றில் உலர்ந்த நிலையில் 14–15 காட்டும். எத்திலீன் கிளைக்கால் ஆவியில் வைத்தால் 17-க்கு விரியும், 550 டிகிரியில் சூடாக்கினால் 10-க்குச் சுருங்கும். குளோரைட் என்ற இன்னொரு அடுக்குக் கனிமமும் 14-இல் வந்து குழப்பும், ஆனால் கிளைக்காலுக்கு விரியாது.

அப்புறம், விரிகிற களிமண் எல்லாம் சபோனைட் இல்லை. மான்ட்மோரில்லோனைட்டும் விரியும், அது அலுமினியக் களிமண். அதே எக்ஸ்-கதிர் சோதனையில் 060 என்று குறிக்கப்படும் உச்சத்தைப் பாருங்கள்: 1.53 ஆங்ஸ்ட்ராம் அருகே இருந்தால் மெக்னீசிய வகை, 1.50 அருகே இருந்தால் அலுமினிய வகை. இரும்பு மிகுந்த நான்ட்ரோனைட் இரண்டுக்கும் நடுவே, 1.52 பக்கம் வரும். அப்போது வேதிப் பகுப்பாய்வையும் சேர்த்தே பாருங்கள்.