மலர்ப் பள்ளத்தாக்கு: காங்கரியாவிலிருந்து ஒரு பகல் நடை

உத்தராகண்டின் மலர்ப் பள்ளத்தாக்குத் தேசியப் பூங்காவுக்குள் இரவு தங்க அனுமதி இல்லை. உள்ளே கடை கிடையாது, கோவேறு கழுதைகளையும் விடுவதில்லை. எனவே பூங்காவுக்கு அருகிலுள்ள காங்கரியா என்ற ஊரில் அறை எடுத்து, காலையில் போய் மாலைக்குள் திரும்ப வேண்டும். பலர் முதல் பூக்களைக் கண்ட இடத்திலேயே பொழுதைக் கழித்துவிட்டு, உள்ளே விரியும் சமவெளியைப் பார்க்காமலே இறங்கிவிடுகிறார்கள். நேரத்தைச் சரியாகப் பிரித்தால் இரண்டுமே கிடைக்கும்.

பூங்கா ஜூனில் திறந்து அக்டோபரில் மூடும். பூ உச்சம் ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடு வரை. மழையும் அப்போதுதான் உச்சம். இங்கே வரும் வழியிலுள்ள ஜோஷிமட் நகரச் சாலையில் மண்சரிந்தால் நாள் முழுக்க வண்டி நகராது. பயணத்தில் 2 நாளைக் கூடுதலாக ஒதுக்குங்கள்.

ஜோஷிமட்டைத் தாண்டி வரும் கோவிந்த்காட்டிலிருந்து புல்னா கிராமம் வரை ஜீப் போகும். பிறகு காங்கரியா வரை சுமார் 10 கி.மீ. ஏற்றம். ஊர் ஏறத்தாழ 3,050 மீட்டர் உயரத்தில் இருப்பதால், போய்ச் சேர்ந்த அன்று ஓய்வுதான். கையில் ரொக்கம் வேண்டும், அங்கே ஏ.டி.எம்.மை நம்ப முடியாது.

மறுநாள் காலை 7 மணிக்கு வனத்துறைச் சோதனைச் சாவடியில் நில்லுங்கள். ஊரைத் தாண்டியதும் பாதை பிரியும்: வலப்பக்கம் சீக்கியர்களின் புனித ஏரித் தலமான ஹேம்குண்ட், இடப்பக்கம் பள்ளத்தாக்கு. அடையாள அட்டை அவசியம். 1.5 லிட்டர் தண்ணீர், கட்டிக்கொண்ட பராத்தா, பையையும் சேர்த்து மூடும் மழையங்கி (போஞ்சோ), ஒரு கைத்தடி, பிடிப்புள்ள ஷூ போதும். குடை வேண்டாம், ஏற்றத்தில் இரண்டு கையும் தேவைப்படும்.

புஷ்பாவதி ஆற்றுப் பாலத்தைக் கடந்ததும் கல் பாவிய செங்குத்தான வழி, பூர்ஜ மரங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து ஏறும். நாளின் கடினமான பகுதி இதுதான். பேச்சு மூச்சுத் திணறாமல் வரும் வேகத்தில் ஏறுங்கள்; சாவடியிலிருந்து பள்ளத்தாக்கின் வாய்க்கு 2 முதல் 3 மணி நேரம் ஆகும்.

அங்கிருந்து தரை திடீரெனத் தட்டையாகிவிடும். ஒரு காலத்தில் இங்கே நகர்ந்த பனியாறு பக்கச் சுவர்களைச் செங்குத்தாகச் செதுக்கி, அடியை அகலமாக்கி, பின்வாங்கும்போது பாறையும் மண்ணும் கொட்டிவிட்டுப் போயிருக்கிறது. அதில் மிச்சமான டிப்ரா பனியாறு பள்ளத்தாக்கின் தலையில் இன்னும் உருகிக்கொண்டிருக்கிறது. இது தெரிந்திருந்தால் ஆபத்து எங்கே என்பதும் புரியும். பக்கச் சுவர்களிலிருந்து விழும் ஓடைகள் பாதையைக் குறுக்கே வெட்டுகின்றன. காலையில் கணுக்கால் அளவே ஓடுவது, பனி உருகியும் மழை சேர்ந்தும் மதியத்தில் முழங்காலைத் தொடலாம். ஜூனிலும் ஜூலைத் தொடக்கத்திலும் ஓடைகளின் மேல் பனிப்பாலம் கிடக்கும். அடியில் ஓடும் நீர் அதைக் குடைந்துகொண்டே இருப்பதால், மேலே உறுதியாகத் தெரிந்தாலும் உள்ளே வெறும் கூடுதான். முன்னால் போனவர்களின் கால்தடம் உள்ள இடத்தில் மட்டும், ஒவ்வொருவராகக் கடக்கவும்.

ஆகஸ்டில் காசித்தும்பை இனச் செடிகள் பாதையின் இருபக்கமும் அடர்ந்து நிற்கும். நீலப் பாப்பி பாறை இடுக்கில், தனியாகத் தலைகவிழ்ந்து இருக்கும்; மெல்ல நடந்தால்தான் கண்ணில் படும். படத்துக்காகப் பாதையை விட்டு இறங்காதீர்கள். மிதிபட்ட மண் மழையில் கரைந்து போகும், நாபி போன்ற நச்சுச் செடிகளும் அங்கே உண்டு.

1939இல் இங்கே தாவரம் சேகரிக்க வந்து இறந்த ஜோன் மார்கரெட் லெக் என்பவரின் கல்லறையைத் தாண்டி நடந்தால் ஆற்றங்கரை வரும். எங்கே இருந்தாலும் மதியம் 1 மணிக்குத் திரும்புங்கள். மாலை 5 மணிக்குள் சாவடியைக் கடந்திருக்க வேண்டும். ஈரக்கல் இறக்கத்தில்தான் கால் அதிகம் வழுக்கும். அதை அவசரமில்லாமல் இறங்க இந்த நேரம் தேவை.

ஹேம்குண்டை அடுத்த நாளுக்கு வையுங்கள். அது 4,000 மீட்டருக்கு மேல். முதல் நாள் நடையில் உடல் ஓரளவு பழகியிருக்கும். இரவில் தலைவலியும் குமட்டலும் விடாமல் இருந்தால் ஹேம்குண்டை விட்டுவிட்டுக் கீழே இறங்கிவிடுங்கள்.