கல்லூரி வளாகத்தில் பாலியல் வன்முறையைத் தடுப்பது எப்படி

2024 டிசம்பர் 23 அன்று இரவு, சென்னை கிண்டியிலுள்ள அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள் ஒரு மாணவி பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். வளாகத்துக்கு அருகே பிரியாணிக் கடை நடத்திவந்த வெளியாள் ஒருவர் கைதாகி, 2025 மே 28 அன்று சென்னை மகளிர் நீதிமன்றத்தால் குற்றவாளி எனத் தீர்மானிக்கப்பட்டு, அடுத்த சில நாட்களில் 30 ஆண்டுகளுக்குக் குறையாத ஆயுள் தண்டனை பெற்றார். இதற்கிடையே மாணவியின் விவரங்கள் அடங்கிய முதல் தகவல் அறிக்கையே வெளியில் கசிந்துவிட, அவருக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு வழங்கும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

அந்தச் சம்பவத்துக்குப் பின் பல கல்லூரிகளில் பேச்சு வாயிற்கதவு, கண்காணிப்புக் கேமரா, அடையாள அட்டை, விடுதி மூடும் நேரம் என்ற நான்கைச் சுற்றியே நடந்தது. இவற்றில் முதல் மூன்றும் தேவையானவைதான். நான்காவதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். ஆனால் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகளை எடுத்துப் பார்த்தால், ஆண்டுதோறும் பதிவாகும் பாலியல் வன்கொடுமை வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர் பாதிக்கப்பட்டவருக்கு ஏற்கெனவே தெரிந்தவர். கல்லூரியில் தெரிந்தவர் என்றால் வகுப்புத் தோழர், சீனியர், ஆய்வகப் பணியாளர், பேருந்து ஓட்டுநர், துறைத்தலைவர், ஆய்வு நெறியாளர். இவர்கள் எல்லோரும் அடையாள அட்டையோடுதான் உள்ளே வருகிறார்கள். ஆகவே இந்த வழிகாட்டி, வளாகத்துக்குள் ஒருவருக்கு இன்னொருவர் மீது இருக்கும் பிடியைத் தளர்த்துவதைப் பற்றியே அதிகம் பேசுகிறது. தமிழ்நாட்டுக் கல்லூரிகளின் முதல்வர்கள், புகார்க் குழு உறுப்பினர்கள், விடுதிக் காப்பாளர்கள், மாணவர் பிரதிநிதிகள் ஆகியோரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

முதலில் குழுவைச் சரிசெய்யுங்கள்

பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்கக் கல்லூரி அமைக்க வேண்டியது உள்ளகப் புகார்க் குழு. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் குறித்து 1997இல் உச்ச நீதிமன்றம் அளித்த விசாகா தீர்ப்பின் நினைவாக, நம் கல்லூரிகளில் இன்றும் பலர் இதை விசாகா கமிட்டி என்றே சொல்கிறார்கள். இன்று இதற்கு அடிப்படையாக இருப்பவை 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டமும், பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளும் ஆகும். அவற்றின்படி உள்ளகப் புகார்க் குழுவுக்குத் தலைவராக இணைப் பேராசிரியர் நிலைக்குக் குறையாத பெண் ஆசிரியர் ஒருவர் இருக்க வேண்டும். பல்கலைக்கழகமாக இருந்தால் பேராசிரியராக இருக்க வேண்டும். இரண்டு ஆசிரியர்கள், ஆசிரியர் அல்லாத பணியாளர்கள் இருவர், வெளியிலிருந்து ஓர் உறுப்பினர், மாணவர் தொடர்பான விவகாரம் என்றால் தேர்தல் மூலம் தேர்ந்தெடுக்கப்பட்ட மூன்று மாணவர்கள் ஆகியோர் உடன் இருக்க வேண்டும். உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்களாக இருப்பது கட்டாயம். துணைவேந்தர், பதிவாளர், புலத்தலைவர், துறைத்தலைவர் போன்ற நிர்வாகப் பொறுப்பாளர்கள் உறுப்பினராகக் கூடாது. அதே காரணத்துக்காக முதல்வரும் விலகி நிற்பதே முறை.

காகிதத்தில் இந்தக் குழு எல்லாக் கல்லூரியிலும் இருக்கிறது. தரமதிப்பீட்டுக்கு ஆள் வரும்போது கோப்பும் தயாராக இருக்கும். பார்க்க வேண்டியது வெளி உறுப்பினர் யார் என்பதைத்தான். தாளாளரின் உறவினரையோ கல்லூரியின் வழக்குகளை நடத்தும் வழக்கறிஞரையோ அந்த இடத்தில் உட்கார வைத்தால், நிர்வாகத்தை எதிர்த்துப் பேசக்கூடிய ஒரே நாற்காலி பறிபோகிறது. பெண்கள் பிரச்சினைகளில் களப்பணி செய்யும் அமைப்பிலிருந்து, கல்லூரியோடு வேறு கொடுக்கல் வாங்கல் இல்லாத ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். மாணவ உறுப்பினர்களை நியமிப்பதையும் நிறுத்துங்கள். முதல் மதிப்பெண் எடுப்பவரைத் துறைத்தலைவர் கைகாட்டுவது தேர்தல் ஆகாது. அப்படி வந்தவரிடம் எந்த மாணவியும் வாய் திறக்க மாட்டார்.

உறுப்பினர்களின் பெயர், தொலைபேசி எண், மின்னஞ்சல் ஆகியவற்றைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சிட்டு ஒட்ட வேண்டும். முதல்வர் அறைக்கு எதிரே, கேமராவின் பார்வையில் உள்ள பலகையில் மட்டும் ஒட்டினால், நின்று எண்ணைக் குறித்துக்கொள்ளவே ஒரு பெண் தயங்குவார். கழிவறைக் கதவின் உட்புறம், விடுதி மெஸ், கல்லூரிப் பேருந்து, ஆய்வகம் ஆகிய இடங்களில் ஒட்டுங்கள். புகாரைத் தமிழில் எழுதித் தரலாம் என்பதையும், எழுத முடியாத நிலையில் இருப்பவருக்கு எழுதித்தர உதவுவது குழுவின் கடமை என்பதையும் அதிலேயே குறிப்பிடுங்கள். ஒப்பந்த நிறுவனம் வழியாக வரும் துப்புரவுப் பணியாளருக்கும் கௌரவ விரிவுரையாளருக்கும் இந்தக் குழுவிடம் வர உரிமை உண்டு. அவர்களிடம் யாராவது இதைச் சொல்லியிருக்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

கையெழுத்தும் மதிப்பெண்ணும் ஒரே கையில் இருக்கக் கூடாது

அகமதிப்பீட்டு மதிப்பெண், வருகைப் பதிவு, செய்முறைத் தேர்வு, நிலுவையில்லாச் சான்று, ஆய்வேட்டில் நெறியாளரின் ஒப்புதல் ஆகிய ஒவ்வொன்றும் தனி ஒருவரின் விருப்பத்தை நம்பியிருக்கும்போது, அந்த ஒருவர் தவறானவராக இருந்தால் மாணவிக்குத் தப்பிக்க வழியில்லை. 2018இல் விருதுநகர் மாவட்டம் அருப்புக்கோட்டையில், மதிப்பெண்ணையும் பணத்தையும் காட்டிக் கல்லூரி மாணவிகளைத் தவறான வழிக்கு அழைத்த ஒரு தொலைபேசி உரையாடல் வெளியாகி மாநிலத்தையே உலுக்கியது. அப்படி அழைத்தவர் பெண் பேராசிரியர். 2024 ஏப்ரலில் அவருக்குப் பத்தாண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. பெண்கள் விவகாரத்துக்குப் பெண் ஒருவரைப் பொறுப்பாக்கிவிட்டால் போதும் என்று நினைக்கும் நிர்வாகங்கள் இந்த வழக்கை மறக்கக் கூடாது.

செய்யக்கூடியவை கடினமானவை அல்ல. அகமதிப்பீட்டு மதிப்பெண்ணை இருவர் பார்த்துக் கையொப்பமிட வேண்டும். மதிப்பெண் குறைந்ததற்கான காரணம் எழுத்தில் இருக்க வேண்டும். மறுபார்வை கேட்கும் மாணவர் அதே ஆசிரியரிடமே போய் நிற்கும் நிலை கூடாது. ஆசிரியர் அறைக் கதவில் கண்ணாடி பொருத்துவதற்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகும், அவ்வளவுதான். வகுப்புச் செய்திகள் இரண்டு ஆசிரியர்கள் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் மட்டும் பகிரப்பட வேண்டும்; இரவு பத்து மணிக்கு ஒரு மாணவிக்குத் தனியாகச் செய்தி அனுப்ப வேண்டிய கல்விக் காரணம் எதுவும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. தொழிலகச் சுற்றுலா, முகாம், விளையாட்டுப் போட்டி, பயிற்சிப் பணி ஆகியவற்றையும் ஒழுங்குமுறைகள் வளாகமாகவே கருதுகின்றன. ஆகவே அங்கு செல்லும்போது குறைந்தது இரண்டு ஆசிரியர்கள், அவர்களில் ஒருவர் பெண், எழுத்தில் அறை ஒதுக்கீடு ஆகியவை புறப்படும் முன்பே முடிவாக வேண்டும்.

எல்லோரையும்விட அதிகம் சிக்கிக்கொள்பவர்கள் முனைவர் பட்ட ஆய்வாளர்கள். நான்கைந்து ஆண்டு உழைப்பு, உதவித்தொகை, பரிந்துரைக் கடிதம், பின்னாளில் வேலை என எல்லாம் ஒரே நெறியாளரின் கையில் இருக்கும். காரணம் சொல்லாமலேயே நெறியாளரை மாற்றிக்கொள்ள விண்ணப்பிக்கும் வழியை ஆய்வுக் குழு ஏற்படுத்தித் தர வேண்டும். அந்த விண்ணப்பத்துக்குப் பழைய நெறியாளரின் கையொப்பம் தேவைப்படக் கூடாது. ஒரே நெறியாளரிடமிருந்து அடுத்தடுத்து மாணவிகள் விலகினால், புகார் வரும்வரை காத்திராமல் யாராவது அதைக் கவனிக்க வேண்டும்.

விளக்கும் விடுதி நேரமும்

இருட்டிய பின் மாணவிகளோடும் தோட்டக்காரர், காவலாளிகளோடும் வளாகம் முழுவதையும் ஒருமுறை நடந்து பாருங்கள். எரியாத விளக்கு, இடிந்த சுற்றுச்சுவர், புதர், பூட்டப்படாத பழைய கட்டடம் ஆகியவற்றைக் குறித்து, யார் எந்தத் தேதிக்குள் சரிசெய்வார் என்று எழுதி ஒட்டுங்கள். கடைசிப் பேருந்து புறப்பட்ட பிறகு ஆய்வக வேலையோ ஒத்திகையோ நடக்கக் கூடாது. நடந்தால் வாகன ஏற்பாடு வேண்டும்.

விடுதி நேரத்துக்கு வருவோம். பாதுகாப்பைக் காரணம் காட்டி, ஆண்கள் விடுதிக்கு இல்லாத கட்டுப்பாடுகளைப் பெண்கள் விடுதியில் விதிக்கக் கூடாது என்று மானியக் குழுவின் ஒழுங்குமுறைகளே சொல்கின்றன. இதற்குச் சமத்துவம் தவிர நடைமுறைக் காரணமும் உண்டு. ஆறரை மணிக்கு மேல் வெளியே இருந்ததே குற்றம் என்ற விடுதியில், ஏழு மணிக்கு ஒருவன் தன்னைத் தொட்டான் என்று எந்தப் பெண்ணும் காப்பாளரிடம் சொல்ல மாட்டார். அந்த நேரத்தில் நீ அங்கே யாரோடு இருந்தாய் என்ற கேள்வியே மிரட்டுபவனின் மூலதனம். வீட்டுக்குச் சொல்லிவிடுவேன், கல்லூரிக்குச் சொல்லிவிடுவேன் என்று மிரட்டித்தான் முதல் குற்றத்துக்குப் பிறகு இரண்டாவது, மூன்றாவது குற்றங்கள் நடக்கின்றன. வளாகத்தில் நடந்த பாலியல் குற்றத்தைப் பற்றிப் புகார் தருபவர் மீது விடுதி விதிமீறல், காதல் விவகாரம் என்று எந்த ஒழுங்கு நடவடிக்கையும் எடுக்கப்படாது என்று எழுத்தில் அறிவியுங்கள். இந்த ஒற்றை அறிவிப்பு பத்துக் கேமராக்களைவிட அதிகம் பயன் தரும் என்பது என் கணிப்பு.

மாணவர்களிடம் எதைப் பேசுவது

முதலாண்டுத் தொடக்க விழாவில் ஆயிரம் பேரை அரங்கில் உட்கார வைத்துக் காவல்துறை அதிகாரி ஒருவரைப் பேச வைப்பதால் பெரிய பலன் இல்லை. முப்பது பேர் கொண்ட வகுப்புகளில், தமிழில், கூச்சமில்லாமல் பேசத் தெரிந்தவர்களைக் கொண்டு பேச வையுங்கள். சம்மதம் கேட்டுப் பெறப்படுவது, மௌனம் சம்மதமாகாது, நேற்றுச் சம்மதித்தவர் இன்று மறுக்கலாம், மறுத்த பிறகும் பின்தொடர்வது இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவின்படி குற்றம். காதலித்தபோது அனுப்பிய படத்தைப் பிரிந்த பிறகு பகிர்வதும் குற்றமே. இப்படிப்பட்ட படத்தை வைத்து யாரேனும் மிரட்டினால் பணமோ வேறெதுவுமோ கொடுக்காமல், செய்திகளை அழிக்காமல் திரைப்பதிவு எடுத்துக்கொண்டு, தேசிய இணையக் குற்றப் புகார்த் தளத்தில் பதிவு செய்யலாம்.

மாணவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் வகுப்புத் தோழியின் படம் கேலிக்கு வரும்போது, இதை எடு என்று ஒருவன் சொன்னாலே பெரும்பாலும் போதும். பேருந்திலோ கலைவிழாக் கூட்டத்திலோ ஒரு பெண் சங்கடப்படுவதைக் கண்டால், சண்டைக்குப் போக வேண்டியதில்லை. அவரைப் பெயர் சொல்லி அழைத்து, சார் உன்னைத் தேடுகிறார் என்று சொல்லி அங்கிருந்து கூட்டி வந்துவிடலாம்.

ஆண் மாணவர்களும் திருநர் மாணவர்களும் பாதிக்கப்படுகிறார்கள். ராகிங் என்ற பெயரில் நடப்பவற்றில் ஒரு பகுதி அப்பட்டமான பாலியல் வன்முறை. 2013ஆம் ஆண்டுச் சட்டம் பெண்களையே பாதுகாக்கிறது என்றாலும், மானியக் குழுவின் ஒழுங்குமுறைகள் எல்லாப் பாலினத்தவருக்காகவும் நடவடிக்கை எடுக்கக் கல்லூரியைக் கட்டாயப்படுத்துகின்றன. ராகிங் புகாருக்கு 1800-180-5522 என்ற எண் இருக்கிறது.

ஒருவர் உங்களிடம் வந்து சொன்னால்

ஏன் அங்கே போனாய், ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்காதீர்கள். சொல்வதைக் கேட்டு, இப்போது பாதுகாப்பாக இருக்கிறாரா என்று விசாரித்து, அடுத்து என்ன செய்யலாம் என்ற முடிவை அவரிடமே விடுங்கள். பதினெட்டு வயது நிறைந்தவரின் பெற்றோரை அவர் சம்மதமின்றி அழைக்காதீர்கள். வன்கொடுமை நடந்திருந்தால், முடிந்தவரை குளிக்காமலும் உடை மாற்றாமலும் மருத்துவமனைக்குச் செல்வது நல்லது. உடை மாற்றிவிட்டால் அதைத் துவைக்காமல் காகிதப் பையில் வையுங்கள். அரசு மருத்துவமனையோ தனியார் மருத்துவமனையோ, இலவசமாகச் சிகிச்சை தர மறுக்கக் கூடாது. அவசரக் கருத்தடை மாத்திரையை எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறாரோ அவ்வளவு நல்லது, எச்.ஐ.வி. தடுப்பு மருந்துக்கு 72 மணி நேரமே அவகாசம் என்பதால், காவல் நிலையமா மருத்துவமனையா என்ற குழப்பத்தில் நாளைக் கடத்த வேண்டாம். பாதிக்கப்பட்டவரின் பிறப்புறுப்பில் விரல்களை நுழைத்துப் பார்க்கும் இரு விரல் பரிசோதனையை உச்ச நீதிமன்றம் 2022இல் கண்டித்துத் தடுத்திருக்கிறது. யாரேனும் செய்ய முற்பட்டால் மறுக்கலாம். எந்தக் காவல் நிலையத்திலும், எல்லையைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்பாமல், முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும். உடனடி உதவிக்கு 112, மகளிர் உதவிக்கு 181, இலவசச் சட்ட உதவிக்கு 15100.

பலர் மறந்துவிடும் விஷயம், முதலாண்டு மாணவர்களில் கணிசமானோருக்குப் பதினேழு வயதுதான் ஆகியிருக்கும் என்பது. அவர்களுக்கு நேர்ந்தது, பதினெட்டு வயதுக்கு உட்பட்டோரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் கீழ் வரும். அதை அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். உள்ளகக் குழு விசாரிக்கிறது என்று கல்லூரி வைத்துக்கொள்ள முடியாது.

விசாரணை

சம்பவம் நடந்த மூன்று மாதங்களுக்குள் உள்ளகப் புகார்க் குழுவிடம் புகார் தர வேண்டும். தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதங்கள் நீட்டிக்கலாம். புகார் நகல் ஏழு நாட்களுக்குள் எதிர்த்தரப்புக்குப் போக வேண்டும்; அவர் பத்து நாட்களுக்குள் பதில் தர வேண்டும்; விசாரணை 90 நாட்களில் முடிய வேண்டும். நிர்வாகம், அறிக்கை கிடைத்த 30 நாட்களுக்குள் செயல்பட வேண்டும். விசாரணைக் காலத்தில் எதிர்த்தரப்பு ஆசிரியர் புகார்தாரரின் விடைத்தாளைத் திருத்தவோ ஆய்வை மதிப்பிடவோ முடியாதபடி தடுக்கவும், புகார்தாரருக்கு மூன்று மாதம் வரை விடுப்பு தரவும் குழு பரிந்துரைக்கலாம். இந்த இடைக்கால நிவாரணத்தை அவர் கேட்கும்வரை காத்திராமல் முதல் நாளிலேயே அவரிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

அவசரமும் கெடுதல் செய்யும். கோவா பல்கலைக்கழகத் துறைத்தலைவர் ஒருவர் மீது 2009இல் வந்த புகார்களில், குழு பல அமர்வுகளைச் சில நாட்களுக்குள் அடுத்தடுத்து நடத்தி முடித்து அவர் பதவி நீக்கம் செய்யப்பட்டார். தற்காத்துக்கொள்ளப் போதிய வாய்ப்பு தரப்படவில்லை என்று 2023இல் உச்ச நீதிமன்றம் அந்த நடவடிக்கையை ரத்து செய்து மறுவிசாரணைக்கு அனுப்பியது. புகார் தந்த மாணவிகளுக்குப் பதினான்கு ஆண்டுகளுக்குப் பின்னும் முடிவு இல்லை. எனவே குறிப்புகளை எழுதுங்கள், கையொப்பம் வாங்குங்கள், இரு தரப்பும் சாட்சிகளைக் கேட்க வழிசெய்யுங்கள். ஆனால் இருவரையும் நேருக்கு நேர் உட்கார வைக்காதீர்கள்.

படிப்பு முடியப் போகிறது, கல்லூரிப் பெயர் கெடும், அவருக்கும் குடும்பம் இருக்கிறது என்று சமாதானம் பேசுவது குழுவின் வேலையல்ல. சமரசத்தைப் புகார்தாரர் தாமாகக் கேட்டால் மட்டுமே பேசலாம். அதிலும் பணம் அடிப்படையாக இருக்கக் கூடாது. நிரூபிக்க முடியாமல் போன புகார் பொய்ப் புகார் ஆகிவிடாது என்று சட்டமே சொல்வதால், அதற்காக மாணவியைத் தண்டிக்க முடியாது.

ஆண்டு அறிக்கையில் புகார் எண்ணிக்கை பூச்சியம் என்று எழுதப்படும்போது, வெளியேறும் இறுதியாண்டு மாணவர்களிடம் பெயரில்லாமல் மூன்று கேள்விகளை மட்டும் கேளுங்கள்: இங்கே உங்களுக்கு அப்படி ஏதாவது நடந்ததா, யாரிடமாவது சொன்னீர்களா, சொல்லவில்லை என்றால் எது தடுத்தது. மூன்றாவது கேள்விக்கான பதில்களைத் தொகுத்து, அடுத்த கல்வியாண்டு தொடங்கும் முன் கூடும் குழுவின் முதல் கூட்டத்தில் வையுங்கள்.