சிறு பிள்ளைகளுக்கு முன்னுரை எழுதப் பழக்குவது எப்படி?

"மரங்கள் மனிதனுக்குப் பல நன்மைகளைத் தருகின்றன. அந்த வகையில் பனையும் ஒன்றாகும்." கொப்பிக்குக் கொப்பி இப்படித்தான் தொடங்குகிறது. இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் 'பனை'யை அழித்துத் 'தென்னை' என்று போட்டாலும் வசனம் அப்படியே நிற்கும். பிள்ளை எழுதிய முதல் வரியை இப்படிச் சொல் மாற்றிப் பாருங்கள். பொருந்தினால் அந்த வரி வேண்டாம்.

முன்னுரையை எடுத்த எடுப்பில் எழுத வைக்காதீர்கள். அடுத்த பந்திகளில் வரப்போகும் மூன்று விடயங்களை ஒற்றையின் ஓரத்தில் ஒவ்வொரு சொல்லாகக் குறிக்கட்டும்: உணவு, ஓலை, மரம். என்ன சொல்லப்போகிறோம் என்று தெரியாத பிள்ளைதான் 'அந்த வகையில்' என்ற ஊன்றுகோலைத் தேடும்.

பிறகு பேச விடுங்கள். "பனை எண்டதும் முதல் என்ன ஞாபகம் வருது?" என்று கேட்டால், "இரவில பழம் பொத்தெண்டு விழும், விடிய எழும்பி ஓடுவம்" என்று பதில் வரும். முதல் வரி கிடைத்துவிட்டது. பேசும்போதே திருத்தினால் பிள்ளை மறுபடி பாடப்புத்தக வசனத்துக்குள் ஒளிந்துகொள்ளும். சொல்லி முடித்த பிறகு 'ஓடுவம்' என்பதை 'ஓடுவோம்' ஆக்கினால் போதும்.

எழுத்தில் இப்படி வரும்:

"ஆவணி மாத இரவில் பொத்தென்று ஒரு சத்தம் கேட்கும். விடிந்ததும் பனம்பழம் பொறுக்க ஓடுவோம். பழமும் கிழங்கும் உண்ணத் தரும் பனை, வேலிக்கு ஓலையும் கூரைக்கு மரமும் தருகிறது."

150 சொல் கட்டுரைக்கு 20 முதல் 30 சொல் முன்னுரை அளவானது. முதல் வசனம் 'என்ன சத்தம்?' என்று கேட்க வைக்கிறது. இரண்டாவது விடை சொல்கிறது. மூன்றாவது, ஓரத்தில் குறித்த மூன்று சொற்களையும் அதே ஒழுங்கில் கொண்டுவருகிறது. பிள்ளைகள் தவறவிடுவது இந்த மூன்றாவதைத்தான். பழம் பொறுக்கிய கதை இரண்டு பந்திக்கு நீண்டு, ஓலைக்கும் மரத்துக்கும் இடமில்லாமல் போய்விடும்.

கேள்வியோடு தொடங்கலாம், விடை முன்னுரைக்குள்ளேயே வந்தால். குறளோ பழமொழியோ பாடமாக்கிப் போடுவதை நாங்கள் ஊக்குவிப்பதில்லை; பக்கத்து மேசைப் பிள்ளையும் அதையேதான் போட்டிருக்கும்.

சற்றுப் பெரிய வகுப்பென்றால் ஓர் ஆண்டும் ஓர் எண்ணும் நல்ல தொடக்கம். 'நூலகம்' என்ற தலைப்புக்கு, 1981இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் இருந்தன என்று தொடங்கலாம். ஆனால் அடுத்த வசனத்திலேயே வாசிப்பின் பயனுக்கு வந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் கட்டுரை வரலாற்றுப் பாடமாகிவிடும்.

பயிற்சிக்கு முழுக் கட்டுரை தேவையில்லை. மழை, சந்தை, எங்கள் வீட்டுக் கிணறு என்று மூன்று தலைப்புக் கொடுத்து முன்னுரை மட்டும் எழுதச் சொல்லுங்கள். பிறகு தலைப்புகளை மறைத்துவிட்டு, எது எதற்குரியது என்று இன்னொரு பிள்ளையைக் கண்டுபிடிக்க விடுங்கள்.